றெக்கைக்குள்ள

உன் இஷ்டம்னு சொல்லிட்டு எங்க வீட்டு ஆளு எந்திரிச்சுப் போயிட்டாவ. சோத்து டப்பாவ மூடி, வாயக் கொப்பளிச்சு, துண்டால மோரையத் தொடச்சுக்கிட்டு, உன் இஷ்டம். நான் இப்ப இந்தக் கரண்டு காத்தாடி றெக்கைக்குள்ள முட்டி போட்டு ஊந்து போறேன், தலையில கட்டுன லைட்டு வெளிச்சம் எனக்கு முன்னால முன்னால போகுது, மாஸ்க்குக்குள்ள என் மூச்சே எனக்குச் சூடா அடிக்கி, மண்டைக்குள்ள அந்த ரெண்டு வார்த்த மட்டும் சுத்திச் சுத்தி வருது. கையில சொரண்டுத தகடு. மேல் பாதி, கீழ் பாதின்னு ரெண்டு பாதி றெக்கைய ஒண்ணுமேல ஒண்ணு வச்சு அமுக்கி ஒட்டும்போது உள்பக்கம் பசை பிதுங்கி வரும், அது அப்படியே இறுகிக் கட்டியா நிக்கும், அதச் சொரண்டி எடுத்துட்டு மேல கண்ணாடி இழைத் துணி வச்சு ஒட்டணும். அதுக்கு ஒடம்பு சின்னதா இருக்கணும். ஷெட்டுலயே சின்ன ஒடம்பு எனக்குத்தான். வாய்ப்பக்கம் ஒரு ஆளு நிமிந்து நிக்கலாம், போகப் போகக் குனியணும், பெறவு முட்டி போடணும், நுனிப்பக்கம் போகையில வயித்தால ஊரணும். வாய்ல ஒரு ஆளு நிக்கணும்னு சட்டம். வாசக்காவல்னு நாங்க சொல்லுவோம். உள்ள இருக்கவளுக்கு மயக்கம் கியக்கம் வந்துட்டா தெரியணும்லா, அதுக்காக வெளிய நிக்க ஆளு ஒரு ஸ்பானரால றெக்கை ஓட்டுமேல ரெண்டு தட்டு தட்டும், உள்ள இருக்கவ ரெண்டு தட்டு திருப்பித் தட்டணும். எனக்கு வாசக்காவல் எங்க வீட்டு ஆளுதான், லிங்கதுரை. டொக் டொக். இந்தா தட்டுதாவ. நானும் தகட்டு முனையால ரெண்டு தட்டுதேன். இருக்கேன் சாமி, உயிரோட இருக்கேன், நாலு மணி வரைக்கும் இருப்பேன்.

நாலு மணிக்கு ரெண்டு பேரும் சேந்து ஹெச்ஆர் மேடம் ரூமுக்குப் போகணும். அந்தப் பிள்ள போன வாரம் எங்கள எல்லாம் கேன்டீன்ல உக்கார வச்சு ரீஸ்ட்ரக்சரிங் ரீஸ்ட்ரக்சரிங்னு சொன்னுது. என்னமோ வீட்டுக்கு வெள்ள அடிக்கப் போற மாதிரி சிரிச்ச மொகமாச் சொன்னுது. பெரிய றெக்கை எல்லாம் இனி வடக்க கடலோரத்துல புது ஷெட்டுலதான் செய்வாவளாம், நாங்க றெக்கை வாக்குத இந்த அச்சுக்கு ஆர்டர் கெடையாதாம், அதனால ஆளக் கொறைக்காவளாம். ஆளக் கொறைக்கோம்னு நேராச் சொன்னா என்னவாம்? பாதி அச்சு இப்பவே தார்ப்பாய் போத்திப் படுத்துக் கெடக்கு. அதுல கம்பெனி ரொம்ப எரக்கப்பட்டு ஒரு முடிவு எடுத்திருக்காம், புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் இங்கனயே வேல பாத்தா ஒராளு மட்டும் இருக்கலாம், எந்த வீட்டுலயும் அடுப்பு அணைஞ்சிரக் கூடாதுல்லா, யாரு இருக்கது யாரு போறதுன்னு நீங்களே வீட்டுல மனசு விட்டுப் பேசி முடிவு பண்ணிச் சொல்லுங்க, போறவங்கள ஒரு தொகை குடுத்து மரியாதையா அனுப்புவோம்னு சொன்னுது. மனசு விட்டுப் பேசியாம். எம்மா, நீ கல்யாணம் முடிச்சிட்டியாம்மான்னு கேக்கணும்போல இருந்துச்சு. வாய அடக்கிக்கிட்டேன். துணி வெட்டுத எஸ்தர் அன்னைக்கே எந்திரிச்சுப் போயிக் கையெழுத்துப் போட்டுட்டா. ஏக்கா, ஆம்பள வீட்டுல இருந்து பொம்பள வேலைக்குப் போனா பாக்கதுக்கு நல்லாவா இருக்கும்னு என்கிட்டயே கேக்கா. கேட்டுட்டு கேன்டீன் கொழாயடியில நின்னு அழுதா. நல்லா இருக்கதுக்கு எதுக்குட்டி அழுதன்னு கேட்டேன்.

இங்கன பசை கெட்டியா நிக்கி. ஒரு பக்கமாச் சாஞ்சு படுத்து சொரண்டுதேன். கை ஒறைக்கும் முழுக்கைச் சட்டைக்கும் நடுவுல கண்ணாடித் தூசி எறங்கி மணிக்கட்டு அரிக்கி. சொறியக் கூடாது, சொறிஞ்சா இன்னும் ஏறும். முதல்ல வந்த புதுசுல ராத்திரி எல்லாம் சொறிவேன், அவியதான் தேங்கா எண்ணெயத் தேச்சு விடுவாவ, வேலைக்குப் போகாண்டாம்னு சொல்லவும் மாட்டாவ, போன்னு சொல்லவும் மாட்டாவ. அப்பவும் உன் இஷ்டம்தான். எல்லாத்துக்கும் உன் இஷ்டம்தான். பிள்ளைக்கு அபிஷான்னு பேரு வைக்கட்டான்னு கேட்டேன், உன் இஷ்டம். வாசக்கதவுக்கு என்ன பெயிண்ட்டு, உன் இஷ்டம். ஒரு தடவ ஆடு வாங்குவோமான்னு கேட்டேன், உன் இஷ்டம்னாவ, வாங்குனேன், மழையில அது வயிறு ஊதிச் செத்துப் போச்சு. நீதானட்டி வாங்குனன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா நானும் நாலு வார்த்த பதிலுக்குப் பேசியிருப்பேன். கேக்கலய. கடப்பாரைய எடுத்துட்டுப் போயிக் குழி தோண்டுனாவ, நான் பாக்க நின்னு தோண்டுனாவ. அந்தக் குழி எனக்குத் தோண்டுன மாதிரி இருந்துச்சு. இன்னைக்கும் அதே கததான். நான் போறேன்னு சொன்னா, சரி, உன் இஷ்டம். நான் இருக்கேன்னு சொன்னா, சரி, உன் இஷ்டம். பெறவு சாகுத வரைக்கும் கட்டில்ல கெடந்து முகட்டப் பாத்துக்கிட்டுப் பேசாம இருப்பாவ, நான் காலையில பஸ்சுக்கு ஓடணும், ஊர்க்காரி எல்லாம் எம் மொகத்தப் பாப்பாளுவ. அத அவியளே வாயத் தெறந்து சொன்னா என்ன? நீ இருன்னு சொல்லலாம். இல்ல, நீ வீட்டுல இருட்டி, நான் வேலைக்குப் போறேன்னு அதட்டலாம். அதட்டுனாக் கூட சண்ட போடலாம்ல. சண்ட போடக்கூட விடாத மனுசன்.

எனக்கு இந்த வேல வேணும். அதத்தான் சொல்ல முடியல. வெளிய சொன்னா அசிங்கம், அதனால இந்த றெக்கைக்குள்ள மாஸ்க்குக்குள்ள சொல்லுதேன், எனக்கு வேணும், எனக்கு வேணும். புருசன் வேலைய விடட்டும், நான் இருக்கணும். சொல்லிட்டேன். வெளிய ஆனிக் காத்து பணகுடிப் பக்கம் கணவாய்ல இருந்து எறங்கி ஆளத் தள்ளுது, ரோட்டுல சேலை நிக்க மாட்டேங்கு, காடு பூரா காத்தாடி சுத்துது, ஆனா அந்தக் காத்தாடி றெக்கைக்குள்ள அந்தக் காத்து ஒரு சொட்டு கெடையாது, எவனும் எட்டிப் பாக்க மாட்டான், அபிஷாவுக்கு நோட்டு வாங்கணும், மாமியாளுக்கு மாத்திர வாங்கணும்னு யாரும் வந்து நிக்க மாட்டாவ. பெரிய பெரிய சார் எல்லாம் வெளிய நின்னு, கனி, அங்க எப்படி இருக்குன்னு என்கிட்டதான் கேக்கணும். சுயம்புக்கனின்னு என் முழுப் பேரு எழுதுன தொப்பி எனக்கு இருக்கு. வீட்டுல அப்படி என்ன இருக்கு? அவியளுக்கும் வேணும்தான், தெரியும். கல்குவாரியில லாரிக்குக் கல்லு ஏத்தித் தோள்பட்ட எறங்கிப் போயி வந்த மனுசன், இங்கன வந்த பெறவுதான் ராத்திரி மொனங்காமத் தூங்குதாவ. யூனிபாரத்த அவியளே தேச்சு மடிப்பாவ, என்ன தொட விட மாட்டாவ. அந்த மடிப்பப் பாத்தா எனக்கு வயித்தெரிச்சலா வருது. பாவமாவும் வருது. ரெண்டும் சேந்து வருதப்ப என்ன செய்ய? சொரண்டு கனி, சொரண்டு.

டொக் டொக். வீட்டுலயும் இதான். வெளிய இருந்து கூப்புடுவாவ, ஏ கனி, ஏ கனின்னு. நான் கோவமா இருந்தா அடுப்படியில இருந்து பதில் சொல்ல மாட்டேன், பாத்திரத்தக் கழுவிக்கிட்டே இருப்பேன். ரெண்டு தடவ கூப்புடுவாவ, மூணாவது தடவ தொண்டையச் செருமுவாவ, பெறவு அவியளே தட்ட எடுத்துப் போட்டுத் திங்க ஆரம்பிச்சிருவாவ. இந்தப் பதினாலு வருசத்துல ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, அடுப்படி நெலையத் தாண்டி உள்ள வந்து, என்னட்டி, என்ன கோவம்னு கேட்டிருப்பாவளா? நெலையில கை வச்சுட்டு நிப்பாவ. நெழல் மட்டும் உள்ள விழும். ஒரு அடி, அத்தான், ஒரு அடி எடுத்து வச்சா என்ன, காலு தேஞ்சிருமா? நான் என்ன கடிச்சா வைப்பேன்? டொக் டொக். தட்டுங்க. நல்லாத் தட்டுங்க. தகடு கையிலதான் இருக்கு, முனைய ஓட்டுல வச்சுட்டு அப்படியே இருக்கேன். தட்டல. தட்டக் கூடாதுன்னு நெனக்கவும் இல்ல, கை எழும்பல. உன் இஷ்டம்னாவள்ள, இதான் என் இஷ்டம். கொஞ்சம் தவிக்கட்டும். ஒரு நிமிசம், ஒரே நிமிசம் என்னப் பத்தி மட்டும் நெனக்கட்டும். டொக் டொக் டொக். இப்ப மூணு. ஏ கனி! சத்தம் றெக்கைக்குள்ள வந்து இழுபட்டு எங்கயோ இருந்து கேக்கு. ஏ கனீ! சொல்லட்டா? அடுத்த தடவ தட்டிருதேன். அடுத்த தடவ. எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சிரிப்புகூட வருது, சவத்து மனசு.

அடுத்த தடவ வரல. நான் காத்துக் கெடக்கேன், வரல. காத்து ஊதுத குழாய் மட்டும் காலுப்பக்கம் உஸ்ஸுன்னு கெடக்கு. மணி அடிக்கணும்ல, மணி ஏன் அடிக்கல? வாய்ப்பக்கத்துல செவப்பு எழுத்துல பெருசா எழுதி ஒட்டியிருக்கு, பதில் வராவிட்டால் உள்ளே போகாதே, மணியை அடி. அந்தப் பொத்தான அவிய கழுத்துலயே மாட்டி விட்டிருக்கு. மணி அடிச்சா மாஸ்க்கும் சிலிண்டருமா வேற ஆளுவ வருவாவ. முன்ன எங்கயோ ஒரு கம்பெனியில இப்படித்தான் உள்ள ஒரு பையன் மயங்கிட்டான், வாசல்ல நின்னவன் கூடப் பொறந்தவன், பொறுக்க மாட்டாம உள்ள போயிட்டான், ரெண்டு பேரையும் பொணமாத்தான் வெளிய எடுத்தாவளாம். அதுல இருந்துதான் அந்தச் சட்டம். வாசக்காவல் ஆளு உள்ள கால் வச்சா அந்த நிமிசமே வேல காலி, ஒரு காசு கெடையாது, எந்த யூனியனும் பேசாது. வருசா வருசம் கையெழுத்து வாங்குதாவ. அப்ப எங்க போனாவ? ஒண்ணுக்குப் போயிட்டாவளா? போக மாட்டாவ, நான் வெளிய வாற வரைக்கும் அவிய அடக்கிக்கிட்டு நிக்க ஆளு. அப்ப சரின்னு நெனச்சு நின்னுட்டாவளா? எவளோ செத்தாச் சாகட்டும்னு? நேரா ஹெச்ஆர் ரூமுக்குப் போயி எம் பொண்டாட்டி போயிருவான்னு சொல்லிட்டாவளா? எம் பயித்தியம். தட்டு கனி, இப்பத் தட்டு. தட்டுதேன். ரெண்டு தட்டு. பதில் இல்ல. மறுபடி ரெண்டு. வெளிச்சத்தத் திரும்பிப் பாக்கணும், இந்த இடத்துல ஒடம்பத் திருப்ப முடியாது, கக்கத்துக்குக் கீழ தலையக் கவுத்திப் பாக்கேன். தூரத்துல வாய் வட்டமா வெள்ளையாத் தெரியணும். தெரியல. வட்டத்த என்னமோ அடைச்சுக்கிட்டு வருது.

அய்யோ. அய்யோ அத்தான், வேண்டாம், போங்க, போங்க வெளிய. கத்துதேன், மாஸ்க்குக்குள்ள கத்துனா எனக்கே கேக்கல. மாஸ்க்கக் கீழ இழுத்துட்டுக் கத்துதேன், பசை நாத்தம் தொண்டையில ஏறுது. கால் ரெண்டையும் ஓட்டுல போட்டு அடிக்கேன், டம்மு டம்முன்னு றெக்க பூரா அதிருது. சட்டை தேய்க்குத சத்தம், மூச்சு எளைக்குத சத்தம், ஏ கனி, ஏ கனி, எந்தாயி, எந்தாயின்னு ஒரு சத்தம். எந்தாயியா? என்ன ஒருநாளும் அப்படிக் கூப்புட்டதில்ல, அபிஷாவத்தான் கூப்புடுவாவ. அந்தப் பெரிய ஒடம்ப வச்சுக்கிட்டு, எறங்குன தோள வச்சுக்கிட்டு, லைட்டு இல்லாம, மூஞ்சியில ஒரு துணிகூட இல்லாம ஊந்து வாராவ. நான் பின்னால பின்னால நகந்து போறேன், என் கால அவிய கை பிடிச்சிருச்சு. பூட்ஸப் பிடிச்சுக் குலுக்குதாவ. நான் காலால திருப்பி ஒதச்சேன். உயிரு இருக்கு பாருங்கன்னு வேற எப்படிச் சொல்ல? கை விடல, கணுக்காலோட கட்டிப் பிடிச்சுக்கிட்டு அப்படியே மூஞ்சிய வச்சுட்டாவ. அழுதாவ. வாய் விட்டு அழுதாவ. ஏன்ட்டி தட்டல? ஏன்ட்டி தட்டல, மூதி, நான் செத்துட்டேன் தெரியுமா? கோவம் அத்தான்னு சொன்னேன். அவியளுக்குச் சிரிப்பா அழுகையான்னு தெரியல, ஒடம்பு குலுங்குச்சு. கோவமா, கோவம்னா கோவம்னு சொல்லணும்ட்டி. சொல்லிருப்பேன், நீங்க ஒரு நாளாவது கேட்டாத்தான? இந்தா கேக்கம்லட்டி, வந்து கேக்கம்லான்னாவ. வெளிய அப்ப விசில் அடிச்சிருச்சு.

பின்னோக்கி ஊந்து வாரோம். முதல்ல அவிய, பெறவு நான். தோள் ரெண்டு எடத்துல மாட்டிக்கிட்டு, நான் காலால மெள்ளத் தள்ளி விடுதேன், இன்னுங் கொஞ்சம், இடப்பக்கம் சாயுங்கன்னு சொல்லுதேன், சரி சரிங்காவ. எனக்கு அந்த வழி முடியக் கூடாதுன்னு இருந்துச்சு. கொஞ்சம் கொஞ்சமா அகலமாகுது, குனியலாம், நிமிரலாம், வெளிச்சம் கண்ணக் குத்துது. வாய்ல பெனடிக் சார் நிக்காரு, சேஃப்டி சார், நல்ல மனுசன், அவரு மூஞ்சி வெளுத்துப் போச்சு. பக்கத்துல சூப்பர்வைசரு, சிலிண்டர் ஆளுவ, அச்சுல இருந்து எறங்கி வந்த ஆளுவ. மணிப் பொத்தான் தரையில கெடக்கு, கழட்டி வீசிட்டுத்தான் உள்ள வந்திருக்காவ. மேல கேமரா செவப்பா முழிச்சுக்கிட்டு இருக்கு, அதுல பாத்துத்தான் விசில் அடிச்சிருக்காவ. பெனடிக் சார் அவியளப் பாத்து, எய்யா லிங்கதுரை, இப்படிப் பண்ணிட்டியே, படிச்சுப் படிச்சுச் சொன்னனேன்னாரு. பெறவு என் பக்கம் திரும்புனாரு. சூப்பர்வைசரு கையில பேனாவோட நிக்கான். ஏம்மா, உள்ள இருந்து நீ பதில் தட்டலயா? பதில் தட்டாம இருந்தா உம் மேலயும் நடவடிக்க வரும்மா, உண்மையச் சொல்லுன்னாரு பெனடிக் சார். நான் வாயத் தெறந்தேன். தட்டல சார், கோவத்துல தட்டல சார், அவிய மேல தப்பு இல்ல சார். எல்லாம் தொண்டையில வந்து வரிசையா நிக்கி. அதுக்குள்ள அவிய, என்னப் பாக்காம, தரையப் பாத்துக்கிட்டு, தட்டுனா சார்னாவ. அவ தட்டுனா, எனக்குத்தான் கேக்கல, குவாரியில வெடிச் சத்தத்துல காது போச்சுல்லா சார். உன் இஷ்டம்னு சொல்லல. முதத் தடவையா எனக்கு ஒண்ணு அவியளே முடிவு பண்ணிச் சொல்லுதாவ. நாலு மணிக்கு அந்த ரூமுக்குள்ள போகாண்டாம் இனி, பேசாண்டாம், கையெழுத்துப் போடாண்டாம், அவிய வேல போச்சு, மரியாதையும் கெடையாது, தொகையும் கெடையாது, எல்லாம் முடிஞ்சு போச்சு. இப்ப உண்மையச் சொன்னா ரெண்டு பேரும் வெளிய, வீட்டுல அபிஷாவுக்கு அடுப்பு எரியாது. அதுக்காகவா சொல்லல? இல்ல. எனக்கு வேணும். இன்னமும் வேணும். அப்படியாம்மா, தட்டுனியாம்மான்னு சார் கேக்காரு. தட்டுனேன் சார்ங்கேன். என் குரல் தெளிவாத்தான் வருது. அவிய ஒரு ஓரமா உக்காந்து பூட்ஸக் கழட்டுதாவ, அது கம்பெனி பூட்ஸு.